நீண்ட துடிப்பு, நுண்ணிய பார்வை

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பேயூ கார்ன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சதுப்பும் கால்வாய்களுமாகக் கிடக்கும் நிலம். அடியில் பெரும் உப்புப் பாறைத் திரள். அந்த உப்பைக் கரைத்து எடுத்ததால் உண்டான நிலத்தடிக் குழி ஒன்றின் பக்கச்சுவர் இடிந்து, 2012 ஆகஸ்ட் தொடக்கத்தில் மேலிருந்த நிலம் மரங்களோடு சேர்ந்து உள்வாங்கியது. சுமார் 350 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2011 ஜூனிலும் 2012 ஜூலையிலும், கடற்கரையோர நிலம் தாழ்வதைக் கண்காணிக்கும் பணிக்காக நாசாவின் விமானம் ஒன்று அந்த வட்டாரத்தை ரேடாரால் படம் பிடித்திருந்தது. கேத்லீன் ஜோன்ஸ், ரொனால்ட் பிளோம் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் படங்களைப் பின்னாளில் ஒப்பிட்டு, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளம் விழுவதற்கு ஒரு மாதம் முன்னரே, அது விழப்போகும் இடத்தை நோக்கி நிலம் பக்கவாட்டில் 26 சென்டிமீட்டர் வரை நகர்ந்திருந்தது.

அந்த விமானம் பறந்தது சுமார் 12.5 கிலோமீட்டர் உயரத்தில். அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு கூட்டுக்குள் பொருத்தப்பட்டிருக்கும் ரேடாருக்கு யுஏவிசார் என்று பெயர். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் உருவாக்கிய கருவி அது. ஆன்டெனாவின் நீளம் ஏறக்குறைய 1.6 மீட்டர், ஓர் ஆள் உயரம்தான். உச்சத்தில் அது வெளியிடும் திறன் சுமார் 3 கிலோவாட். ரேடார் என்றதும் பிரம்மாண்டமான தட்டும் அபாரமான மின்திறனும்தான் பலருக்கும் மனதில் எழுகின்றன. இந்தக் கருவியிடம் இரண்டும் இல்லை. இருந்தும் அது பக்கவாட்டில் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலத்தை இரண்டு மீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் பிரித்துப் பார்க்கிறது. இந்தக் கூர்மை அனுப்பப்படும் சிக்னலின் வடிவத்திலிருந்து வருகிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிர்வெண்ணை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராக நகர்த்தி அனுப்புவதும், அனுப்பியது இன்னதென்று மறக்காமல் வைத்திருப்பதும்தான் அந்தப் பார்வையின் அடித்தளம். திறனும் ஆன்டெனாவும் துணைக்கு நிற்பவை.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். ரேடார் ஒரு வானொலி அலையைத் துண்டாக அனுப்புகிறது. அது எதன்மீதோ பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வரும் நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி, அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 150 மீட்டர் தூரத்துக்குச் சமம். துடிப்பு ஒரு மைக்ரோ நொடி நீடித்தால், 150 மீட்டருக்குள் நிற்கும் இரண்டு பொருள்களின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும்; ரேடாருக்கு அவை ஒரே பொருளாகத் தெரியும். இரண்டு மீட்டர் இடைவெளியைப் பிரித்தறிய வேண்டுமானால் துடிப்பு சுமார் 12.5 நானோ நொடிக்குள் முடிந்தாக வேண்டும். அப்படியானால் துடிப்பைக் குறுக்கிவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஆரம்பகாலப் பொறியாளர்களும் அந்த வழியில்தான் போனார்கள். சுவர் வேறு பக்கத்திலிருந்து எழும்பியது.

அந்தச் சுவர் ஆற்றல். போகும்போது அலை பரவி மெலிகிறது, திரும்பும்போது இன்னொரு முறை பரவி மெலிகிறது. ஒரு தனிப் பொருளின் தூரம் இரட்டிப்பானால் அதன் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஏற்பியின் சொந்த இரைச்சலுக்கு நடுவே அந்த மெல்லிய எதிரொலி கேட்க வேண்டுமானால், துடிப்பு போதிய ஆற்றலைச் சுமந்து சென்றிருக்க வேண்டும். ஆற்றல் என்பது திறனை நேரத்தால் பெருக்கியது. யுஏவிசாரின் 3 கிலோவாட் 40 மைக்ரோ நொடிக்கு நீடித்தால் கிடைப்பது 0.12 ஜூல். அதே ஆற்றலை 12.5 நானோ நொடிக்குள் திணிக்க வேண்டுமானால், உச்சத் திறன் 3,200 மடங்காக உயர வேண்டும்; அதாவது கிட்டத்தட்ட 1 கோடி வாட். அவ்வளவு திறனைக் கொடுக்கும் குழல்களும், அவற்றுக்கான உயர் மின்னழுத்தச் சாதனங்களும், அலையைச் சுமக்கும் குழாய்களில் தீப்பொறி பாயாமல் தடுக்கும் ஏற்பாடுகளும் சேர்ந்தால் எடை எங்கோ போய்விடும். சிறிய ஜெட் விமானம் ஒன்றின் வயிற்றில் அதைக் கட்டித் தொங்கவிட முடியாது. நீண்ட துடிப்பு நல்ல ஆற்றலும் மழுங்கிய பார்வையும் தரும். குறுகிய துடிப்பு கூர்மையும் பலவீனமும் தரும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று தோன்றிய காலம் இருந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தது ஓர் எளிய கவனிப்பு. துடிப்பு நீளமாக இருப்பது பார்வையை மழுக்குவதில்லை; அது முழுக்க ஒரே மாதிரியாக இருப்பதுதான் மழுக்குகிறது. மலையடிவாரத்தில் நின்று ஒருவர் ‘ச’ என்ற ஒற்றைச் சுரத்தை நெடுநேரம் பிடித்தால், திரும்பி வரும் ஒலியில் எந்தத் துளி எப்போது கிளம்பியது என்று சொல்ல முடியாது. ஆரோகணமாக ச முதல் நி வரை ஏறிப் பாடினால், திரும்பும் ஒவ்வொரு சுரமும் தான் புறப்பட்ட நேரத்தைத் தன் மேலேயே எழுதிக்கொண்டு வருகிறது. ரேடாரில் நடப்பதும் இதுவே. யுஏவிசாரின் துடிப்பு 1217.5 மெகாஹெர்ட்ஸில் இருந்து 1297.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே சீராகக் கடக்கிறது. பொறியாளர்கள் இத்தகைய துடிப்பைச் ‘சிர்ப்’ என்பார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. 40 மைக்ரோ நொடியில் 80 மெகாஹெர்ட்ஸ் என்றால், அதிர்வெண் மைக்ரோ நொடிக்கு 2 மெகாஹெர்ட்ஸ் வீதம் நகர்கிறது. ஒன்றைவிட மற்றொன்று 1.9 மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு பாறைகளை எண்ணிக்கொள்வோம். இரண்டாவதன் எதிரொலி 12.5 நானோ நொடி பிந்தி வரும். அந்தப் பிந்தலுக்குள் சிர்ப் 25 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கும். ஆகவே ஏற்பிக்குள் எந்தக் கணத்தை எடுத்துப் பார்த்தாலும், இரண்டு எதிரொலிகளும் ஒன்றோடொன்று கலந்திருந்தாலும், அவற்றின் அதிர்வெண்களுக்கு நடுவே 25 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். நொடிக்கு 25,000 சுற்று என்பது 40 மைக்ரோ நொடிக்கு மிகச் சரியாக ஒரு சுற்று. இரண்டு அதிர்வுகள் ஒன்றிலிருந்து ஒன்று முழுச் சுற்று விலகிவிட்டால், அவை இரண்டு என்று கணக்கால் பிரித்துவிடலாம். துடிப்பை 20 மைக்ரோ நொடியாகக் குறைத்து அதே 80 மெகாஹெர்ட்ஸைக் கடந்தால் வித்தியாசம் 50 கிலோஹெர்ட்ஸாகும், நேரம் பாதியாகும். விலகல் அப்போதும் ஒரே ஒரு சுற்று. ஆக, பிரித்தறியும் தூரத்தைத் தீர்மானிப்பது அதிர்வெண் கடக்கும் அகலம் மட்டுமே. துடிப்பின் நீளத்தை ஆற்றலின் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ளலாம். பிரிக்க முடியாததாகத் தோன்றிய இரண்டு தேவைகள் இப்படித்தான் பிரிந்து தனித்தனியாகக் கைக்கு வந்தன. சிர்ப் இல்லாமல் அதே 40 மைக்ரோ நொடித் துடிப்பை அனுப்பியிருந்தால் பிரித்தறியும் தூரம் 6 கிலோமீட்டர். பேயூ கார்ன் ஊர் முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிப்போயிருக்கும்.

இந்த எண்ணம் ஒரே தலையில் ஒரே நாளில் உதித்ததில்லை. ஜெர்மனியில் ஹ்யூட்மன் என்பவர் 1940-இல் இதையொத்த ஒரு முறைக்குக் காப்புரிமை கோரினார். அமெரிக்காவில் ராபர்ட் டிக்கி 1945-இல் விண்ணப்பித்து 1953-இல் பெற்றார். பெல் ஆய்வகத்தின் சிட்னி டார்லிங்டன் 1949-இல் விண்ணப்பித்து 1954-இல் பெற்றார். போரும் அதைத் தொடர்ந்த பனிப்போரும் இவற்றை மறைவிலேயே வைத்திருந்தன. டார்லிங்டன் உட்பட நால்வர் சேர்ந்து பெல் ஆய்வகத்தின் தொழில்நுட்ப இதழில் 1960-இல் எழுதிய நீண்ட கட்டுரைதான் சிர்ப் ரேடாரின் கணிதத்தைப் பொதுவெளியில் முழுமையாக வைத்தது. இன்று படித்தாலும் பழசாகத் தெரியாத கட்டுரை அது. அன்றைய கருவிகளில் எதிரொலியைச் சுருக்கும் வேலையைத் தாமதக் கம்பிகள் செய்தன: முதலில் வரும் அதிர்வெண்ணை அதிகம் காக்கவைத்து, கடைசியில் வருவதை உடனே விட்டுவிட்டால், எல்லாம் ஒரே கணத்தில் ஒன்றாக வெளிவந்து குவியும். இப்போது அதைக் கணினி செய்கிறது. அனுப்பிய சிர்ப்பின் நகலை எதிரொலியின் மேல் சிறிது சிறிதாக நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் கூரான முகடு எழுகிறது.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். இரண்டு பாறை என்றால் சரி. நிலம் முழுக்கப் பாறையும் புல்லும் கூரையும் மரமும் ஆயிற்றே? 40 மைக்ரோ நொடித் துடிப்பு ஒரே கணத்தில் 6 கிலோமீட்டர் ஆழத்து நிலத்திலிருந்து எதிரொலிகளைக் கொண்டுவருகிறது. அதற்குள் 1.9 மீட்டர் வரிசைகள் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனையும் குழம்பிய ஓர் ஒலியிலிருந்து ஒவ்வொன்றையும் எப்படி மீட்பது? விடை, வானொலி அலைகள் ஒன்றோடொன்று கலந்தாலும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை என்ற இயற்பியல் உண்மையில் இருக்கிறது. ஏற்பிக்கு வருவது வெறும் கூட்டல். கூட்டலின்மேல் பொருத்திப் பார்க்கும் செயலைச் செய்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்து பிறகு கூட்டியதற்குச் சமமான விடைதான் வரும். ஏற்பி உச்ச ஒலியில் தெவிட்டிப் போய் அலையை வெட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொரு கேள்வி: அனுப்பிக்கொண்டிருக்கும்போது கேட்க முடியாதே, நீண்ட துடிப்பு ரேடாரைச் செவிடாக்கிவிடாதா? ஆக்கும்தான். 40 மைக்ரோ நொடி அனுப்பினால் 6 கிலோமீட்டருக்குள் இருப்பது எதுவும் முழுமையாகக் கேட்காது. ஆனால் விமானம் 12.5 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. நேர் கீழேயிருந்து வரும் முதல் எதிரொலிக்கே 83 மைக்ரோ நொடி ஆகும். உயரம் இங்கே கைகொடுக்கிறது. தாழப் பறக்கும் சிறு ஆளில்லா விமானங்களுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றில் ஓயாமல் மெல்லிய சிர்ப்பை அனுப்பிக்கொண்டே வேறொரு ஆன்டெனாவால் கேட்கும் முறை கையாளப்படுகிறது.

இதுவரை சொன்னது விமானத்திலிருந்து பக்கவாட்டில் விலகிச் செல்லும் திசையைப் பற்றி. படத்துக்கு இன்னொரு திசையும் வேண்டும், விமானம் பறக்கும் திசை. 24 சென்டிமீட்டர் அலைநீளமும் 1.6 மீட்டர் ஆன்டெனாவும் சேர்ந்தால் கற்றை 20 கிலோமீட்டர் தொலைவில் 3 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதைக் குறுக்க நேரடி வழி ஆன்டெனாவை நீட்டுவது. ஒரு மீட்டர் அளவுக்குக் குறுக்கக் கிலோமீட்டர் கணக்கில் நீட்ட வேண்டியிருக்கும். 1951-இல் அரிசோனாவில் குட்இயர் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த கார்ல் வைலி வேறு வழி கண்டார். விமானம் ஒரு புள்ளியை நெருங்கும்போது அதன் எதிரொலியின் அதிர்வெண் சற்று உயர்ந்திருக்கும், நேர் பக்கத்தில் வரும்போது வித்தியாசம் சுழியாகும், கடந்தபின் தாழும். இது டாப்ளர் விளைவு. ஒவ்வொரு புள்ளியும் இந்த இறக்கத்தை வெவ்வேறு கணத்தில் செய்வதால், அந்த வரலாற்றைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டால் புள்ளிகளைப் பிரித்துவிடலாம். ஆன்டெனாவைச் செயற்கையாக நீட்டியதற்குச் சமமான இந்த முறையைச் ‘செயற்கைத் துளை’ என்பார்கள். உற்றுப் பார்த்தால் இந்த டாப்ளர் இறக்கமும் சீராக நகரும் ஓர் அதிர்வெண்தான். அதுவும் ஒரு சிர்ப்தான். ஒரு சிர்ப்பைக் கருவி உண்டாக்குகிறது, 40 மைக்ரோ நொடியில் முடிகிறது. மற்றொன்றை விமானத்தின் நகர்வு உண்டாக்குகிறது, 3 கிலோமீட்டரைக் கடக்கும் பதினான்கு நொடிகளுக்கு நீள்கிறது. இரண்டையும் சுருக்குவது ஒரே கணிதம். சுருக்கியபின் பறக்கும் திசையில் கிடைக்கும் நுணுக்கம் ஆன்டெனாவின் நீளத்தில் பாதி, அதாவது 0.8 மீட்டர். சிறிய ஆன்டெனா இங்கே அதிக நுணுக்கம் தருகிறது என்பது முதன்முறை கேட்பவருக்கு நம்பக் கடினமாக இருக்கலாம். சிறிய ஆன்டெனாவின் கற்றை அகலமானது. அகலமான கற்றைக்குள் ஒரு புள்ளி அதிக நேரம் இருக்கும். அதிக நேரம் இருந்தால் அதன் சிர்ப் அதிக அகலத்தைக் கடக்கும். அகலம்தான் கூர்மை என்ற அதே விதி.

கணினிகள் பெருகாத அந்நாளில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது இந்த வரலாற்றிலேயே மிக அழகான பகுதி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வகத்தில் லூயி கட்ரோனா, எம்மெட் லீத் முதலியோர் எதிரொலிகளைப் புகைப்படச் சுருளில் பதிந்தார்கள். நிலத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுருளில் இருளும் ஒளியுமான கோடுகளாக, கோடுகளின் நெருக்கம் சீராக மாறிக்கொண்டே போகும் வடிவில் பதிந்தது. அந்தச் சுருளின் ஊடே ஒளியைச் செலுத்தினால் அந்தக் கோடுகளே வில்லையாகச் செயல்பட்டு ஒளியை ஒரு புள்ளியில் குவித்தன. 1957-இல் அவர்களுக்கு முதல் நல்ல படங்கள் கிடைத்தன. பின்னர் லீத்தும் யூரிஸ் உபாட்னியெக்ஸும் லேசரால் முப்பரிமாண ஹோலோகிராம்களை உருவாக்கியதற்கு வித்து இந்த வேலையில்தான் விழுந்தது.

சிர்ப்புக்கு நான் உரியதை மீறிப் புகழ் சேர்க்கிறேன் என்று யாராவது சொல்லலாம். ரேடாரின் பெரும் சாதனை மேகத்தைத் துளைத்துப் பார்ப்பது அல்லவா? 1967-இல் பனாமாவின் டேரியன் காட்டை, தீராத மேகமூட்டத்தால் புகைப்படங்கள் முழுமையாகப் பிடிக்க முடியாத அந்தப் பகுதியை, விமான ரேடார் ஒன்று வரைபடமாக்கியது. அதில் செயற்கையாக நீட்டப்பட்ட ஆன்டெனா கூடக் கிடையாது. மேகத்தைத் துளைப்பது அலைநீளத்தின் தன்மை, சிர்ப்புக்கு அதில் பங்கில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பனாமா ரேடார் கற்றையைக் குறுக்குவதற்காக ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அலைநீளத்தை நாட வேண்டியிருந்தது. நான்கே ஆண்டுகளில், 1971-இல், பிரேசில் தன் அமேசான் காட்டைப் படம் பிடிக்கத் தொடங்கியபோது, காரவெல் ஜெட் விமானத்தில் ஏற்றப்பட்டது குட்இயரின் செயற்கைத் துளை ரேடார். அதன் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். அதற்கும் மேல், யுஏவிசார் போல 24 சென்டிமீட்டர் அலைக்குப் போனால் இலைத்திரையை ஊடுருவிக் கிளைகளையும் அடிமரத்தையும் ஈரமண்ணையும் தொடலாம். அந்த நீண்ட அலைகளை வைத்துக்கொண்டும் கூரிய படம் எடுக்க முடிகிறது என்றால், கூர்மையை அலைநீளத்தின் பிடியிலிருந்து விடுவித்துச் சிக்னலின் வடிவத்துக்கு மாற்றியதால்தான். ரேடார் எதைப் பார்க்கும் என்பதை அலைநீளம் முடிவு செய்கிறது. எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பது தனியாகத் தீர்க்கக்கூடிய கேள்வியாகிவிட்டது.

ஆற்றலின் பக்கத்துக்கும் சான்று உண்டு. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. ஜூனில் யுஏவிசார் அந்தக் கடல்மேல் பறந்தது. எண்ணெய் படர்ந்த நீரில் சிற்றலைகள் அடங்கிவிடும். ரேடார் அலையைத் திருப்பி அனுப்ப அங்கே எதுவும் இருக்காது. பல ரேடார்களுக்கு அது வெறும் கரும்பரப்பு. எண்ணெய் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. யுஏவிசாரின் சொந்த இரைச்சல் மிகக் குறைவாக இருந்ததால் அந்தக் கருமைக்குள்ளும் எதிரொலி கேட்டது. மெல்லிய படலத்தையும் நீரோடு குழைந்த தடித்த எண்ணெயையும் வேறுபடுத்த முடிந்தது. துப்புரவுக் கப்பல்கள் தேடுவது அந்தத் தடித்த பகுதியைத்தான். நீண்ட துடிப்பின் ஆற்றலும், அதைச் சுருக்குவதால் கிடைக்கும் பெருக்கமும் இல்லாமல் 3 கிலோவாட் கருவியால் இது ஆகியிருக்காது.

விலை கொடுக்காமல் இது கிடைப்பதில்லை. சுருக்கப்பட்ட முகட்டின் இருபுறமும் சிறு துணைமுகடுகள் எழுகின்றன. எதுவும் செய்யாமல் விட்டால் முதல் துணைமுகட்டின் திறன் முதன்மை முகட்டின் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். ஓர் இரும்புக் கூரையின் பக்கத்தில் இருக்கும் புல்வெளி, அந்தக் கூரையின் துணைமுகட்டில் மூழ்கிப்போகும். அதிர்வெண் அகலத்தின் இரு ஓரங்களையும் மெல்லத் தணித்துவிட்டால் துணைமுகடுகள் அடங்குகின்றன; ஆனால் முதன்மை முகடு ஒன்றரை மடங்கு வரை பருக்கிறது. 80 மெகாஹெர்ட்ஸை முழுதாக அனுப்பிவிட்டு அதில் ஒரு பங்கை நாமே விட்டுக்கொடுப்பதுதான் இது. விமானத்தின் வேகம் அதிர்வெண்ணை மாற்றித் தூரத்தைப் பிழையாகக் காட்டாதா என்றும் கேட்பார்கள். யுஏவிசாரின் கற்றை ஓரத்தில் டாப்ளர் மாற்றம் நூற்றுச் சொச்சம் ஹெர்ட்ஸ்; மைக்ரோ நொடிக்கு 2 மெகாஹெர்ட்ஸ் நகரும் சிர்ப்பில் அது தரும் பிழை ஒரு சென்டிமீட்டர் அளவே. இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டிய மறுப்பு வேறொன்று. 1.9 மீட்டருக்குக் கீழே பிரித்தறிய முடியாத கருவி, பேயூ கார்னில் 26 சென்டிமீட்டரை எப்படிக் கண்டது? அங்கே வேலை செய்தது எதிரொலியின் கட்டம், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் திரும்பி வந்தது என்பது. நிலம் ரேடாரை நோக்கி 12 சென்டிமீட்டர் நகர்ந்தால் போய்வரும் பாதை ஓர் அலைநீளம் குறையும். கட்டம் ஒரு முழுச் சுற்று மாறும். சுற்றின் சிறு பின்னத்தையும் அளக்கலாம் என்பதால் சென்டிமீட்டர் அசைவும் தெரியும். அப்படியானால் சிர்ப்பின் கூர்மை எதற்கு? முதற்காரணம், ஒப்பிடப்படுவது இரண்டு நாள்களிலும் அதே நிலத்துண்டாக இருக்க வேண்டும். 6 கிலோமீட்டர் நிலத்தின் கட்டம் என்று ஒன்றைச் சொல்வதில் பொருளே கிடையாது. இரண்டாவது, ரேடார் படத்தில் இயல்பாகவே பொரிப்பொரியாய் ஒரு புள்ளி இரைச்சல் இருக்கும். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் இருக்கும் எண்ணற்ற சிறு சிதறல்கள் தமக்குள் கூடியும் கழித்தும் கொள்வதால் வருவது அது. பல சிறு சதுரங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அது தணியும். கடைசிப் படம் ஐந்தாறு மீட்டர் நுணுக்கத்தில்தானே வெளியாகிறது, பிறகேன் இரண்டு மீட்டர் என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே: சராசரிக்கு எத்தனை சதுரம் கிடைக்கிறது என்பதுதான் அளவீட்டின் நம்பகத்தன்மை.

இவை எல்லாம் கைகூட விமானம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே தடத்தில் பறக்க வேண்டும். யுஏவிசாரைச் சுமக்கும் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டில் இதற்கென்றே அமைத்த தானியங்கிக் கட்டுப்பாடு, 10 மீட்டர் விட்டமுள்ள ஒரு கற்பனைக் குழாய்க்குள் விமானத்தை வைத்திருக்கிறது. எஞ்சிய ஆட்டத்தை ஜிபிஎஸ்ஸாலும் சுழல்மானிகளாலும் அளந்து கணக்கில் திருத்துகிறார்கள். இந்தத் திறமையைப் பாராட்டும்போதே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். பேயூ கார்ன் முன்னறிவிக்கப்படவில்லை. படங்கள் முன்பே இருந்தன. அங்கே பார்க்க வேண்டும் என்பது பள்ளம் விழுந்த பிறகே தெரிந்தது. கருவி கண்டதை யாராவது வழக்கமாக உட்கார்ந்து பார்த்தால்தான் எச்சரிக்கையாக மாறும். அதற்கான ஆளும் பணமும் அமைப்பும் சிக்னல் கணிதத்தால் வந்துவிடாது.

வழக்கமாகப் பார்ப்பது என்றால் செயற்கைக்கோள்தான் பொருத்தம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார், 747 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 12 நாள்களுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்புகிறது. அதில் நாசாவின் 24 சென்டிமீட்டர் அலை ரேடாரும் இஸ்ரோவின் குறுகிய அலை ரேடாரும் 12 மீட்டர் விட்டமுள்ள ஒரே பிரதிபலிப்பானைப் பகிர்ந்துகொள்கின்றன. நைசார் பறப்பதற்கு முன் அதன் தரவு எப்படி இருக்கும் என்று ஆய்வாளர்கள் பழகிக்கொண்டது யுஏவிசார் எடுத்த படங்களை வைத்துத்தான். அப்படியானால் விமான ரேடாரின் காலம் முடிந்ததா? இல்லை என்றே நினைக்கிறேன். செயற்கைக்கோள் தன் தடத்தை விட்டு விலகாது. வெள்ளக்கரை எந்தத் திசையில் சரிகிறதோ அந்தத் திசையிலிருந்து பார்க்க வேண்டும் என்றால், நாளைக்கே பார்க்க வேண்டும் என்றால், விமானம்தான் போகும். கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோ ஆற்றுக் கழிமுகத்தில் 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரைகளை 2009 முதல் யுஏவிசார் பல திசைகளிலிருந்து படம் பிடித்து வந்ததற்குக் காரணம் இதுதான். எண்ணெய்ப் படலம் போன்ற கருமையான பரப்புகளுக்கு அருகாமை தரும் அனுகூலமும் விமானத்துக்கே உண்டு.

இனிமேல் கூர்மைக்கு வரப்போகும் தடை, நான் அறிந்த வரையில், பொறியியலுக்கு வெளியே இருக்கிறது. பிரித்தறியும் திறன் அதிர்வெண் அகலத்திலிருந்து வருகிறது என்றால், அதை இரட்டிப்பாக்க அகலத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அந்த அகலம் யாருடையது? புவியைப் படம் பிடிக்கும் ரேடார்களுக்கு இந்தப் பட்டையில் அனுமதிக்கப்பட்டிருப்பது 1215 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை, வெறும் 85 மெகாஹெர்ட்ஸ். யுஏவிசார் அதில் 80-ஐ ஏற்கெனவே எடுத்துக்கொள்கிறது. அதே பட்டைக்குள் 1227.6 மெகாஹெர்ட்ஸில் ஜிபிஎஸ்ஸின் இரண்டாவது சிக்னல் இருக்கிறது. ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் ஒரு சிக்னல் இருக்கிறது. நெடுந்தொலைவு வான்போக்குவரத்து ரேடார்கள் இருக்கின்றன. அந்த ரேடார்களின் அலை யுஏவிசாரின் ஏற்பிக்குள் புகுந்தால் படத்தின் குறுக்கே கோடுகள் விழுகின்றன. அந்த அதிர்வெண்களை வெட்டி எறிந்தால் சிர்ப்பில் ஓட்டை விழுந்து துணைமுகடுகள் மீண்டும் தலைதூக்குகின்றன. ஒரு மீட்டருக்குக் கீழே போக விரும்பும் விமான ரேடார்கள் இதனால்தான் இடம் தாராளமாக உள்ள குறுகிய அலைநீளங்களுக்குப் போகின்றன. அங்கே அகலம் கிடைக்கிறது, ஆனால் இலைகளின் மேற்பரப்போடு பார்வை நின்றுவிடுகிறது. காட்டுக்குள்ளும் கரைகளின் மண்ணுக்குள்ளும் பார்க்க வேண்டியவர்கள் அந்த 85 மெகாஹெர்ட்ஸைப் பிறரோடு பங்கிட்டுத்தான் வாழ வேண்டியிருக்கிறது. பங்கீட்டு விதிகள் எழுதப்படும் சர்வதேச மாநாடுகளில் தொலைத்தொடர்பும் வழிகாட்டிச் சேவைகளும் உரக்கப் பேசுகின்றன. புவி ஆய்வாளர்களும் அங்கே அதே உரப்போடு பேச வேண்டும்.